கைப்பேசிச் செலவும் கல்விச் செலவும்

(ராசிங்காபுரத்தில் நடைபெற்ற நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் உயர்ந்த பொருள்களைப் பற்றிப் பேசுவதே மரபு. கல்வியின் மாண்பு, ஒற்றுமையின் வலிமை, அண்ணல் அம்பேத்கரின் பெருந்தொண்டு ஆகியவற்றை நமக்கு முன்னர்ப் பேசிய சான்றோர் நன்கு எடுத்துரைத்தனர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஆடவர் சட்டைப் பையிலும், தாய்மார்களின் சுருக்குப் பையிலும் அடங்கிவிடக்கூடியது. கைப்பேசிக்கு நாம் மாதந்தோறும் கட்டும் பணத்தைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். இவ்வளவு பெரிய விழாவில் இதைப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். இந்தப் பொருளை நாம் தேர்ந்துகொண்ட காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறிய மாணவி ஒருத்தி, கல்லூரியில் சேரும் நாள் கடந்தும் சேராதிருந்தாள். விசாரித்தபோது, விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரியவந்தது. அவள் வீட்டுக்குச் சென்றோம். சேர்க்கைக்கும், பேருந்துக்கும், இரண்டு மாற்று உடைக்குமாக ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் குறைந்தது என்றார் தந்தை. கடன் வாங்கக் கூசி, "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில் நான்கு கைப்பேசிகள் மாறி மாறி ஒலித்தன. அவ்வொலி நம் காதில் வேறு விதமாக விழுந்தது. அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அக்கணக்கையே இன்று உங்கள்முன் வைக்கிறோம். அந்த மாணவி யார் என்று எவரும் தேட வேண்டா. நம் ஒவ்வொரு தெருவிலும் அவள் இருக்கிறாள்.

கணக்கிற்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் நம் கடமையாகும். "கூலிக்குப் போகிறவனுக்குக் கைப்பேசி எதற்கு?" என்று கேட்போர் இன்றும் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. செய்தி என்பது நம் மக்களுக்கு எவ்வளவு விலையுயர்ந்த பொருளாக இருந்தது என்பதை அவர்கள் அறியார். பிறர் வீட்டில் சாவு நிகழ்ந்தால், அந்தத் துக்கச் செய்தியைச் சுமந்துகொண்டு வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக நடந்தவர்கள் நம் பாட்டன்மார். எழவு சொல்லப் போதல் என்பது அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கடமை. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. ஊரார் செய்தியை எல்லாம் சுமந்த அந்தக் கால்களுக்குத் தம் வீட்டுச் செய்தியை அனுப்ப ஓர் ஆள் இருந்ததில்லை. இன்று நம் தாய்மார் ஒருவர் கைப்பேசியை எடுத்து, மலைமேல் உள்ள தம் கணவரிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறார் என்றால், அது வெறும் வசதி அன்று, ஒரு விடுதலை.

செய்தி எளியவர் கைக்கு எளிய விலையில் எட்ட வேண்டும் என்பது நம் முன்னோடிகளின் கொள்கையும் ஆகும். பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்' என்பதாகும். விலையைப் பெயரிலேயே பொறித்தார். எவருக்காக எழுதுகிறாரோ அவருடைய மடியில் எவ்வளவு இருக்கும் என்பதை அறிந்து எழுதிய பெருமகன் அவர். ஆகவே, கைப்பேசியைக் கீழே வையுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. வேண்டியதற்குக் கொடுப்போம், வேண்டாததற்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் மீட்போம். இதுவே நாம் சொல்ல வந்தது.

இன்றைய இளைஞர்கள் பிறந்ததிலிருந்தே கைப்பேசியைப் பார்த்தவர்கள். அவர்களுக்காக அதன் விலை நடந்து வந்த பாதையைச் சிறிது சொல்லுவோம். 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல். அந்நாளில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ 16 ரூபாய் வரை ஆயிற்று. பேசுபவர் மட்டுமின்றி, கேட்பவரும் கட்டணம் கொடுத்தார். வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்ற நிலை 2003ஆம் ஆண்டு மே மாதம்தான் வந்தது. நம் சங்கம் தோன்றிய காலத்தில் நமக்கு எஸ்.டி.டி. பூத்தே கதி. இரவில் கட்டணம் குறையும் வரை காத்திருந்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசிய நாள்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சிவப்பு எண்கள் நமக்கு ஒரு நன்மை செய்தன. செலவு கண்முன் ஓடியது. பேச்சு தானாகச் சுருங்கியது.

பின்னர்க் கைப்பேசி வந்தது. ஆனால் நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையும் உடன் வந்தது. முந்தலைத் தாண்டிப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் கேரளம். தொலைபேசி நிறுவனங்களின் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் மற்றொரு வட்டம். காலையில் ஏலத்தோட்டத்துக்குச் சென்று மாலையில் திரும்பும் தொழிலாளியும் அக்கணக்கில் வெளிமாநிலப் பயணிதான். வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலே அவர் கையிருப்பில் காசு குறைந்தது. எனவே நம் மக்கள் தாமே ஒரு முறை வகுத்துக்கொண்டனர். ஒரு மணி ஒலித்து நின்றால், "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று பொருள். இரண்டு முறை ஒலித்தால், "நீ கூப்பிடு" என்று பொருள். மிஸ்டு கால் என்னும் அந்தக் காசில்லாத் தந்தியைக் கண்டுபிடித்தவர்கள் ஏழை மக்களே. பி.எஸ்.என்.எல். 2015ஆம் ஆண்டு ஜூன் 15 முதல் ரோமிங்கில் வரும் அழைப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் தனியார் நிறுவனங்களும் அவ்வழிக்கு வந்தன. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ சந்தைக்கு வந்தபோது ஏற்பட்ட போட்டியில் பேச்சு ஏறத்தாழ இலவசமாயிற்று. டேட்டாவின் விலை சரிந்தது.

அந்த மலிவுக் காலத்தில்தான் நாம் கணக்குப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட்டோம். விலை திரும்பவும் ஏறியபோது நாம் கவனிக்கவில்லை. 2019, 2021, 2024 என மூன்று முறை நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவுடன் 28 நாள் செல்லும் ஜியோ திட்டம் 2021 நவம்பர் வரை 199 ரூபாய். டிசம்பரில் அது 239 ஆயிற்று. 2024 ஜூலையில் 299 ஆயிற்று. மூன்று ஆண்டுகளுக்குள் நூறு ரூபாய் ஏற்றம். ஏலத்தோட்டத்தில் நாள்கூலி பத்து ரூபாய் ஏற எத்தனை பேச்சுவார்த்தை நடத்துகிறோம்! இங்கு ஒரு சொல்லும் சொல்லாமல் நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். மாணவர்கள் மனத்தில் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 365 நாள். அதை 28 ஆல் வகுத்தால் பதின்மூன்று. நம் நாட்காட்டியில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். கைப்பேசி நாட்காட்டியிலோ பதின்மூன்று மாதம். 'மாதக் கட்டணம்' என்று எண்ணிக்கொண்டு நாம் பதின்மூன்றாவது மாதத்துக்கும் கட்டி வருகிறோம். இதைக் கண்டித்து எழுந்த முறையீடுகளால், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லும் திட்டத்தையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டத்தையும் வைத்திருத்தல் வேண்டும் என்பது அந்த ஆணை. அத்திட்டங்கள் உள்ளன. கேட்பவருக்கே கிடைக்கின்றன.

அந்த மாணவியின் வீட்டில் நான்கு கைப்பேசிகள் என்றோமல்லவா? 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருந்த விலைகளை வைத்து அவ்வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அப்பத்தாவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு ஏர்டெல்லில் 28 நாளுக்கு 199 ரூபாய். பதின்மூன்று முறைக்கு 2,587 ரூபாய். தந்தைக்கும் ஏர்டெல்லே, 28 நாளுக்கு 299 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3,887 ரூபாய். தாய்க்கும் ஐ.டி.ஐ. பயிலும் மகனுக்கும் ஜியோ. தலைக்கு அதே 299, அதே 3,887. நான்கையும் கூட்டினால் ஆண்டுக்கு 14,248 ரூபாய். இத்தொகையைச் சொன்னபோது அந்தத் தந்தை நம்பவில்லை. "நாங்க எங்க சார் அவ்வளவு கட்டுறோம்?" என்றார். கட்டுகிறார்கள். சிறு சிறு தொகையாகப் போவதால் தெரிவதில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டும் உரியதன்று. ஒழுகும் பானைக்கும் உரியது.

இப்பொழுது ஒவ்வொருவருக்கும் உண்மையில் வேண்டியது யாது என்று பார்ப்போம். அப்பத்தாவின் பட்டன் போனுக்கு டேட்டா எதற்கு? அவர் கட்டும் 199 ரூபாய்க்குள் அவர் கண்ணால்கூடக் காணாத டேட்டாவின் விலையும் அடங்கியிருக்கிறது. தந்தை பகற்பொழுதைக் கழிக்கும் மலைச்சரிவில் பேசுவதற்கே டவர் கிடைப்பது அரிது. அவருக்கு வேண்டியதும் பேச்சே. இத்தகையோருக்காகவே ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு விதி செய்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் கட்டாயம் வழங்க வேண்டும். அவை 365 நாள் வரையிலும் செல்லலாம் என்றது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாயிலும், 84 நாளுக்கு 469 ரூபாயிலும் திட்டங்களை அறிவித்தது. ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாயிலும், 84 நாளுக்கு 448 ரூபாயிலும் அறிவித்தது. கடைக்காரர் இவற்றைத் தாமாகச் சொல்லுவது அரிது. நாம்தான் கேட்க வேண்டும்.

அப்பத்தாவும் தந்தையும் அந்த 1,849 ரூபாய்த் திட்டத்துக்கு மாறினால், இருவருக்கும் சேர்த்து 3,698 ரூபாய். முன்பு கட்டியது 6,474 ரூபாய். மிச்சம் 2,776 ரூபாய். தாய்க்கும் மகனுக்கும் டேட்டா வேண்டும். மூன்று முறை 299 கட்டினால் 897. அதே டேட்டாவை 84 நாளுக்கு ஒரே முறையாக 799 ரூபாய்க்கு ஜியோ தந்தது. ஒரு முறைக்கு 98 ரூபாய் மிச்சம்; ஆண்டுக்கு நான்கு முறை, இரண்டு கைப்பேசிகள் எனக் கொண்டால் 784 ரூபாய். ஆக மொத்தம் 3,560 ரூபாய். ஒரு பேச்சைக்கூடக் குறைக்காமல், ஒரு கைப்பேசியையும் கீழே வைக்காமல் கிடைக்கும் தொகை இது. அந்த மாணவிக்குக் குறைந்தது ஏறத்தாழ மூவாயிரம். இதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியதில்லை. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். நாளை வேறு தொகை இருக்கும். கணக்கிடும் முறை மட்டும் மாறாது. கட்டணத்தை நாள்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பாருங்கள். எந்தத் திட்டம் மலிவு என்பது தானே விளங்கும்.

இங்கு வீட்டுத் தலைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிக்கனம் என்ற பெயரில் முதலில் தாயின் கைப்பேசியிலிருந்து டேட்டாவைப் பிடுங்காதீர்கள். பள்ளியிலிருந்து நாங்கள் அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் தாயின் கைப்பேசிக்கே வருகின்றன. மகளிர் குழுவின் கணக்கும் அதில்தான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பல வீடுகளில் தாயின் கைப்பேசியே பள்ளிக்கூடமாக இருந்தது. அவ்வாறே, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிப் பெறுவோருக்கும் டேட்டா வேண்டும். யாருக்கு எது வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் கூடி அமர்ந்து முடிவு செய்தல் நலம். இரவெல்லாம் குறும்படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்காக நாளுக்கு இரண்டரை ஜி.பி. வேண்டும் என்று கேட்கும் இளைஞர்களையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்களே கணக்குப் போடட்டும்.

இளைஞர்கள் கையாளும் மற்றொரு வழி உண்டு. புதிய சிம் வாங்கினால் தொடக்கச் சலுகை கிடைக்கிறது என்று ஆண்டுக்கொரு எண் மாற்றுகிறார்கள். இதைச் சேமிப்பு என்று எண்ணுவது பெரும்பிழை. உங்கள் ஆதாருக்கும், வங்கிக் கணக்குக்கும், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் ஒரே எண்தான் இணைந்திருக்கிறது. ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வரும். எண் செயலிழந்து 90 நாள் கழிந்தால் அது வேறொருவருக்கு வழங்கப்படலாம். பின்பு உங்கள் வங்கிச் செய்தி யாரோ ஒருவருக்குப் போகும். எண் மாறியதால் உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பிக்க இயலாமல் அலைந்த மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம். இருநூறு ரூபாய்ச் சலுகைக்காகப் பல ஆயிரம் ரூபாய் உதவித்தொகையைப் பணயம் வைக்கலாமா?

நிறுவனத்தை மாற்ற வேண்டுமானால் எண்ணை மாற்றாமலே மாற்றலாம். 2011ஆம் ஆண்டு ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இந்த உரிமை நமக்கு உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணை எழுதி 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதைக் கொண்டு புதிய நிறுவனத்தின் கடையில் விண்ணப்பிக்கலாம். ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாள்களில் மாற்றம் முடிந்துவிடும். இருக்கும் நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். பழைய கணக்கில் மீதமுள்ள தொகை கூட வராது. ஆதலால் திட்டம் முடியும் தறுவாயில் மாறுவதே அறிவுடைமை. மாறுமுன், அந்த நிறுவனத்தின் டவர் நம் தெருவிலும், நீங்கள் வேலை செய்யும் தோட்டத்திலும் எட்டுகிறதா என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டறியுங்கள். மலிவாக வாங்கி மலைமேல் பயன்படாவிட்டால் அது மலிவன்று.

நம் சொந்த அறியாமை ஒன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நம் எண்ணை அழைப்பவருக்கு ஒரு பாட்டுக் கேட்பதாக நண்பர்கள் கூறினர். நாம் பாட்டு எதையும் கேட்டுப் பெறவில்லை. ஏதோ ஓர் அழைப்பில் ஏதோ ஓர் எண்ணைத் தவறுதலாக அழுத்தியிருக்கிறோம். மாதம் 30 ரூபாய் வீதம் பதினான்கு மாதம், 420 ரூபாய் கையிருப்பிலிருந்து கழிந்திருந்தது. பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் நாம், நம் கணக்கின் வரலாற்றைப் பார்க்கவில்லை! இத்தகைய கூடுதல் சேவைகளை நிறுத்துவதற்கென்றே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. தேவையற்ற விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909. முறையீடு செய்ய 198. முறையீட்டுக்குத் தரப்படும் பதிவெண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வெண்களை நம் மன்றத்தின் சுவரில் எழுதி வைத்தல் நன்று.

இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் சொல்லி முடித்தபோது, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் வாரச் சம்பளக்காரன் சார். கையில இருநூறு இருக்கும். ரெண்டாயிரம் மொத்தமா எங்க சார் இருக்கும்?" அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவர் அறியாமையால் அதிகம் கட்டவில்லை. மொத்தமாகக் கொடுக்க இயலாததால் அதிகம் கட்டுகிறார். மூட்டையாக அரிசி வாங்குபவருக்கு ஒரு விலை, படியாக வாங்குபவருக்கு ஒரு விலை என்பது நாம் வழிவழியாகக் கண்ட அநீதி. இல்லாதவன் இருப்பவனைவிட அதிகம் கொடுக்கிறான். கைப்பேசியிலும் அதுவே நடக்கிறது. இதைத் தனி ஒருவர் தீர்க்க இயலாது. சங்கம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான்.

ஆதலால் இம்மேடையில் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பன்னிரண்டு குடும்பங்களைத் தேர்ந்து, பேச்சு மட்டும் போதுமான கைப்பேசி ஒன்றுக்கு, ஆண்டுக் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து முன்பணமாகக் கட்டுவோம். நாம் சொன்ன 1,849 ரூபாய்க் கணக்குப்படி 22,188 ரூபாய் ஆகும். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 155 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்தில் 1,860 ரூபாயைத் திருப்பித் தரட்டும். சங்கத்துக்கு 22,320 ரூபாய் திரும்பி வந்துவிடும். வட்டி வேண்டா, எஞ்சும் 132 ரூபாய் கணக்கேட்டுச் செலவுக்கு ஆகட்டும். 28 நாளுக்கொரு முறை 199 கட்டியவர் ஆண்டுக்கு 727 ரூபாய் மிச்சம் பிடிப்பார். சங்கத்தில் நிதி இல்லையெனில், மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 155 ரூபாய்ச் சீட்டாகப் போடலாம். மாதத்துக்கு 1,860 ரூபாய் சேரும். ஒருவர் ஆண்டுக் கட்டணம் கட்டிவிடலாம். இதில் பின்னால் எடுப்பவர், தம் முறை வரும் வரை பழைய கட்டணத்தையும் சீட்டுத் தொகையையும் சேர்த்துச் சுமக்க நேரும் என்பதை மறைக்கவில்லை. முதலாண்டில் பொறுமை வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து பயன் எல்லோருக்கும் ஒப்ப அமையும்.

மிச்சமான பணம் மிச்சமாகவே நிற்க வேண்டுமானால் அதற்கு ஓர் இடம் வேண்டும். இல்லையேல் அது வந்த வழியே போய்விடும். அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே சேர்க்கலாம். அது ஐந்து ஆண்டுத் திட்டம். அவ்வீட்டில் மிச்சமாகும் 3,560 ரூபாயை மாதக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 300 ரூபாய். ஒரு பெண் குழந்தை எட்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் நாளில் தொடங்கினால், அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது 18,000 ரூபாயும் அதன் வட்டியும் கையில் இருக்கும். அன்று அவள் வீட்டில், "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்ற சொல் எழாது.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, பரோடா அரசு அளித்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுன். அயல்நாட்டில் அதற்குள் தம் வாழ்க்கையை அடக்கிக்கொண்டு, உணவைச் சுருக்கி நூல்களை வாங்கியவர் அவர். பத்து ஆண்டுகள் கழித்து, 1923ஆம் ஆண்டு, ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வு நூலை இலண்டனில் வெளியிட்டார். ஒரு நாட்டின் ரூபாயையே ஆராய்ந்த அறிஞரைத் தலைவராகக் கொண்டவர்கள் நாம். நம் வீட்டு ரூபாய் எங்கே போகிறது என்று நாம் ஆராய வேண்டாவா?

இளைஞர்களே! இன்று வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளை எடுங்கள். வீட்டிலுள்ள கைப்பேசிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாளுக்கு எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு, உண்மையில் வேண்டியது எது என்று எழுதுங்கள். அதைப் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யக்கூடிய முதல் தொண்டு இதுவாக இருக்கட்டும். கணக்குப் போட இயலாத வீடுகளுக்கு நீங்களே சென்று போட்டுக் கொடுங்கள். பிறர் செய்தியைக் காத தூரம் சுமந்த கால்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். இந்தச் செய்தியை நம் தெருவின் கடைசி வீடு வரை சுமந்து செல்லுங்கள். இம்முறை உங்களை எவரும் ஏவவில்லை. நம் வீட்டுச் செய்தி இது. நமக்காக நாமே சுமக்கிறோம்.

அந்த மாணவி இன்றும் மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வருகிற ஆண்டு கல்லூரியில் சேருவேன் என்கிறாள். அவள் சேருவதை உறுதிசெய்யும் பொறுப்பு நம் எல்லோருக்கும் உரியது.

 வளர்க கல்வி! வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்!